உடைந்த மூக்கை ஒட்டவைக்க வேண்டாம்

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் 'பண்டைய நாகரிகங்கள்' பாடம் வந்துவிட்டால், மாணவர்களின் நோட்டுகளில் முக்கோணங்கள் முளைக்கத் தொடங்கும். பிரமிடு வரைவது எளிது. அடுத்ததாக மம்மி. அதற்கும் பெரிய சிரமம் இல்லை. ஆனால், எகிப்தியர் தங்கள் வாழ்க்கையை அதிகமாக எழுதிவைத்த இடம் பிரமிடு அல்ல. கோயில் சுவர்களிலும் கல்லறைச் சுவர்களிலும் செதுக்கி வண்ணம் பூசிய புடைப்புச் சிற்பங்கள்தான் அந்த இடம். உழவு, மீன்பிடி, போர், வழிபாடு, கடற்பயணம் எல்லாம் அங்கே இருக்கின்றன. பாடநூலில் அவை ஒரு சிறு படமாக வருகின்றன. நாமும் ஒரு நிமிடம் காட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறோம்.

இந்தச் சிற்பங்களைப் பார்த்து உள்ளது உள்ளபடி வண்ணத்தில் படியெடுப்பது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. நூற்றாண்டுக்கும் மேலாகப் பலர் அதற்காகவே எகிப்தில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். அவர்கள் செய்த வேலையின் ஒரு சிறு துண்டை என் வகுப்பில் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். நான் ஓவிய ஆசிரியர் அல்ல, வரலாறு நடத்துபவன். அதனால் இதை வரலாற்றுப் பாடமாகவே எழுதுகிறேன். ஓவியம் தெரிந்தவர்கள் நான் சொல்லும் முறையை இன்னும் செம்மையாக்கலாம்.

முதலில் புடைப்புச் சிற்பம் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். எகிப்தில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், உருவத்தைச் சுற்றியுள்ள கல்லைச் சீவி எடுத்துவிடுவார்கள். உருவம் சில மில்லிமீட்டர் மேலே எழுந்து நிற்கும். மற்றொன்றில், சுற்றியுள்ள கல்லை அப்படியே விட்டுவிட்டு, உருவத்தின் ஓரத்தை ஆழமாக வெட்டி அதற்குள்ளேயே உருவத்தைச் செதுக்குவார்கள். உருவம் சுவரின் மட்டத்துக்குக் கீழே கிடக்கும். வகுப்பில் நான் முதலாவதை 'எழுந்த சிற்பம்' என்றும் இரண்டாவதை 'குழிந்த சிற்பம்' என்றும் சொல்கிறேன். மாணவர்களுக்கு அது உடனே பிடிபடுகிறது.

எதை எங்கே வைத்தார்கள் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. எழுந்த சிற்பம் பெரும்பாலும் கோயிலின் உட்புறத்தில், வெளிச்சம் குறைந்த அறைகளில் இருக்கும். குழிந்த சிற்பம் பெரும்பாலும் வெயில் படும் வெளிச்சுவர்களில் இருக்கும். எகிப்தின் உச்சி வெயிலில் மெல்லிய எழுந்த சிற்பம் கண்ணுக்கே தெரியாமல் கரைந்துபோகும். ஆழமாக வெட்டிய ஓரமோ அதே வெயிலில் கறுப்புக் கோடு போட்டது போல நிழலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெயில்தான் அங்கே பாதி ஓவியர். அபிடோஸில் முதலாம் சேத்தி கட்டிய கோயிலில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். பொ.ஆ.மு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேத்தியின் சிற்பிகள் உள்ளறைகளில் சுண்ணாம்புக்கல்லில் செய்த எழுந்த சிற்பங்கள் எகிப்தியக் கலையிலேயே மிக நேர்த்தியானவை என்று மதிக்கப்படுகின்றன. வண்ணமும் பல இடங்களில் இன்றும் நிற்கிறது. அவருக்குப் பின் மகன் இரண்டாம் ராம்செஸ் முடித்த பகுதிகளில் குழிந்த சிற்பம் மிகுதி. வேகமும் கூடுதல், நுணுக்கமும் குறைவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், எது அப்பாவுடையது, எது மகனுடையது என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

சிற்பம் எப்படி உருவானது என்று தெரியாமல் அதைப் படியெடுக்க முடியாது. அதைச் சொல்லித்தர மன்னர் பள்ளத்தாக்கில் உள்ள ஹோரெம்ஹெப் கல்லறையைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. 1908இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தக் கல்லறையின் வேலை பாதியில் நின்றுபோயிருந்தது. நமக்கு அது அதிர்ஷ்டம். ஒரு சுவரில் சிவப்புக் கட்டக்கோடுகளும் முதல் வரைவும் தெரிகின்றன. அந்த வரைவின்மேல் தலைமை ஓவியர் கறுப்பில் போட்ட திருத்தங்கள் தெரிகின்றன. நாம் சிவப்பு மையில் திருத்துகிறோம். அவர்கள் சிவப்பில் எழுதிக் கறுப்பில் திருத்தியிருக்கிறார்கள். இன்னோர் இடத்தில் செதுக்கத் தொடங்கிய உருவம். அப்பால் செதுக்கி முடித்து வண்ணமும் பூசிய உருவம். ஒரே கல்லறையில் ஒரு தொழிலின் எல்லாப் படிநிலைகளும் அடுத்தடுத்து நிற்கின்றன.

அந்தக் கட்டக்கோடுகள் கணித ஆசிரியருக்கும் பயன்படும். நிற்கும் மனித உருவம், பாதத்திலிருந்து நெற்றியில் முடி தொடங்கும் இடம் வரை 18 கட்டங்கள். பல நூற்றாண்டுகளுக்கு இந்த அளவுதான் வழக்கத்தில் இருந்தது. பிற்காலத்தில் அது மாறி, பாதத்திலிருந்து மேல் இமை வரை 21 கட்டங்கள் ஆனது. உருவம் ஒரு சாண் உயரமோ ஓர் ஆள் உயரமோ, கட்டங்களின் எண்ணிக்கை அதேதான். விகிதம் என்ற சொல்லை விளக்க வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. முகம் பக்கவாட்டில், கண் நேர்முகமாக, தோள்கள் நேராக, கால்கள் மீண்டும் பக்கவாட்டில் என்ற அவர்களின் மரபும் இந்தக் கட்டங்களுக்குள்தான் அமைகிறது. "சார், இவங்களுக்கு வரையத் தெரியாதா?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். உடம்பின் ஒவ்வோர் உறுப்பையும் அது தெளிவாகத் தெரியும் பக்கத்திலிருந்து காட்டுகிறார்கள் என்று சொன்னால் போதும். பிறகு அவர்களே எழுந்து நின்று அப்படி நிற்க முயன்று பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

வண்ணங்கள் பெரும்பாலும் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் வந்தவை. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண், கறுப்புக்குக் கரி, வெள்ளைக்குச் சுண்ணாம்பும் ஜிப்சமும். நீலம் மட்டும் தனிக் கதை. மணல், சுண்ணாம்பு, செம்புத் தாது, உவர்க்காரம் ஆகியவற்றைச் சேர்த்து ஏறக்குறைய 850 முதல் 1000 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு அதைத் தயாரித்தார்கள். மனிதர் செயற்கையாகச் செய்த மிகப் பழைய வண்ணப்பொருள்களுள் அது ஒன்று. ஆண்களின் உடலுக்குச் செம்பழுப்பும் பெண்களின் உடலுக்கு வெளிர் மஞ்சளும் பூசுவது மரபு. அது மரபுதான், அவர்களின் உண்மையான நிறத்தைப் பற்றிய தகவல் அல்ல என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

இனி படியெடுத்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

1817இல் ஜொவான்னி பெல்சோனி முதலாம் சேத்தியின் கல்லறையைக் கண்டுபிடித்தார். அப்போது சுவர்களின் வண்ணம் நேற்றுப் பூசியது போல இருந்தது. அவரும் அலெசாந்திரோ ரிச்சியும் நீர்வண்ணத்தில் படிகள் எடுத்தார்கள். அத்துடன் மெழுகால் அச்சும் எடுத்தார்கள். 1821இல் அந்தப் படிகளையும் அச்சுகளையும் கொண்டு லண்டனில் கல்லறையின் பகுதிகளை மறுபடி அமைத்துக் காட்டியபோது கூட்டம் அலைமோதியது. ஆனால், சுவரில் அழுத்தி எடுத்த அச்சு வண்ணத்தையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. பின்னால் வந்தவர்கள் ஈரத்தாளைச் சிற்பத்தின்மேல் அழுத்தி, காய்ந்ததும் உரித்தெடுத்தார்கள். அதிலும் அதே சேதம். நம் பள்ளிகளின் தொன்மைப் பாதுகாப்பு மன்றத்தில் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதைப் பார்த்த மாணவர்களுக்கு இந்த முறை உடனே புரியும். வண்ணமில்லாத கருங்கல் அதைத் தாங்கும். வண்ணம் பூசிய சுண்ணாம்புக்கல் தாங்காது. சுவரைத் தொடாமல் படியெடுக்க ஒரே வழிதான் இருந்தது. எதிரே உட்கார்ந்து, பார்த்து, வரைவது.

துட்டன்காமன் கல்லறையை 1922இல் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டரை நம் மாணவர்களுக்குத் தெரியும். அவர் எகிப்துக்குப் போனது அகழாய்வாளராக அல்ல, படியெடுக்கும் ஓவியராக. 1891இல் போகும்போது வயது 17. பின்னர் 1893 முதல் 1899 வரை தெய்ர் எல்-பஹ்ரியில் அரசி ஹட்செப்சுட்டின் கோயில் சிற்பங்களை எதுவார் நாவீலின் குழுவுக்காக வரைந்தார். பெரிய பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. ஆறு ஆண்டுகள் ஒரு கோயிலின் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்ததுதான் அவருடைய பல்கலைக்கழகம் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

நைனா டேவிஸும் அவர் கணவர் நார்மன் டேவிஸும் தீப்ஸ் பகுதிக் கல்லறைகளில் வேலை செய்தார்கள். அவை பெரும்பாலும் செதுக்காமல் தீட்டிய சுவர்கள். வழக்கமான நீர்வண்ணத்தில் தாளின் வெண்மை ஊடே தெரியும். எகிப்தியரின் வண்ணம் அப்படி ஊடுருவித் தெரிவதில்லை, சுவரை மூடி நிற்கும். அதனால் நைனா முட்டைக்கரு சேர்த்துக் குழைக்கும் டெம்பரா வண்ணத்தைப் பயன்படுத்தினார். எந்தப் பொருளைக் கொண்டு வரைகிறோம் என்பதே பாதி முடிவு என்பதற்கு இது நல்ல சான்று. 1936இல் அவருடைய படிகள் 104 வண்ணத் தகடுகளாக நூல் வடிவில் வந்தன.

அபிடோஸில் சேத்தியின் கோயிலை வரைந்தவர்கள் இரண்டு பெண்கள், ஏமிஸ் கால்வர்லியும் மிர்ட்டில் புரூமும். 1928இல் கால்வர்லி தொடங்கினார். அடுத்த ஆண்டு புரூம் சேர்ந்து 1937 வரை உடனிருந்தார். ராக்ஃபெல்லரின் நிதியுதவியில் அந்தப் படிகள் நான்கு பெருந்தொகுதிகளாக வந்தன. முதல் தொகுதி 1933இல், நான்காவது 1958இல். ஒரு கோயிலின் சில அறைகளுக்கு இத்தனை ஆண்டு. பாடத்தை 'முடிக்க' வேண்டிய அவசரத்தில் இருக்கும் நமக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மூச்சு விடச் சொல்கிறது.

லக்சரில் 1924இல் சிகாகோ பல்கலைக்கழகம் தொடங்கிய குழுவின் முறை இன்னொரு வகை. முதலில் சுவரைப் புகைப்படம் எடுத்துப் பெரிதாக்குவார்கள். ஓவியர் அந்தப் புகைப்படத்தைச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் அதன்மேலேயே பென்சிலால் வரைவார். பிறகு மையால் கோடு போடுவார்கள். அடுத்துப் புகைப்படத்தை வெளுக்கச் செய்வார்கள். படம் மறைந்து கோடு மட்டும் நிற்கும். அதன் நகலை எடுத்துக்கொண்டு எழுத்தறிஞர் ஒருவர் மறுபடி சுவருக்குப் போய் ஒவ்வொரு கோட்டையும் சரிபார்ப்பார். அவர் எழுதிய திருத்தங்களை இரண்டாவது அறிஞர் சரிபார்ப்பார். ஓவியர் மீண்டும் சுவருக்குப் போவார். கருத்து வேறுபட்டால், தீர்ப்புச் சொல்வது நாற்காலியின் உயரம் அல்ல, சுவர்தான்.

ஜோசப் லிண்டன் ஸ்மித் (1863–1950) இவர்கள் எல்லாரிடமிருந்தும் வேறுபட்டவர். பாஸ்டனைச் சார்ந்த இந்த அமெரிக்க ஓவியர் 1890களின் இறுதியிலிருந்து எகிப்துக்குப் போய்வந்து, எண்ணெய் வண்ணத்தில் சிற்பங்களைப் படியெடுத்தார். கோட்டையும் வண்ணத்தையும் மட்டும் எடுப்பதோடு அவர் நிற்கவில்லை. கல்லின் சொரசொரப்பு, ஓரத்தில் விழும் நிழல், வெடிப்பு, பெயர்ந்த துண்டு, மங்கிய வண்ணம் எல்லாவற்றையும் தீட்டினார். தட்டையான திரைச்சீலை கல்லாகத் தெரியும், கிட்டப் போய்த் தொட்டுப் பார்க்கத் தோன்றும். கிசாவில் ரைஸ்னரின் குழு 1927இல் கண்டுபிடித்த அரசி மூன்றாம் மெரேசங்க் கல்லறையில் அவர் தீட்டிய படிகள் குறிப்பிடத்தக்கவை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவருடைய ஓவியங்கள் உள்ளன.

ஆக, ஒரே சுவருக்கு மூன்று வகைப் படி. கோட்டுப்படி, 'என்ன செதுக்கியிருக்கிறது?' என்று கேட்கிறது. நைனாவின் வண்ணப்படி, 'என்ன வண்ணம் பூசினார்கள்?' என்று கேட்கிறது. ஸ்மித்தின் படியோ, 'இன்று, இந்த வெளிச்சத்தில், இந்தக் கல் எப்படி இருக்கிறது?' என்று கேட்கிறது. மூன்றும் வேண்டும். ஆனால், மாணவரை அதிக நேரம் பார்க்கவைப்பது மூன்றாவதுதான் என்பது என் அனுபவம். அதனால் வகுப்புக்கு அதைத் தேர்ந்தெடுத்தேன்.

இதற்கு ஆகும் செலவு சொற்பம். குளத்து மண்ணோ குயவரிடம் வாங்கிய களிமண்ணோ போதும். ஒரு பலகைமேல் அரை அங்குலக் கனத்தில் பரப்பி, பாடநூல் படத்தைப் பார்த்து ஒரு முகம், ஒரு பறவை, ஒரு தாமரை, எதையாவது எழுந்த சிற்பமாக ஒரு குழுவும் குழிந்த சிற்பமாக இன்னொரு குழுவும் செய்யட்டும். ஈர்க்குச்சியும் பழைய கரண்டிக் காம்பும் கருவிகள். இரண்டு நாள் நிழலில் காயவிட வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். வெடித்தாலும் எறிய வேண்டாம், அந்த வெடிப்பு நமக்குப் பின்னால் உதவும்.

காய்ந்த பலகையைச் சன்னல் சாத்திய வகுப்பறையில் சுவரில் சாய்த்துவைத்து, கைப்பேசி விளக்கை இடது மேல்புறத்திலிருந்து சரிவாக அடியுங்கள். விளக்கை நேர் எதிரே கொண்டுவந்தால் சிற்பம் மறைந்துபோகும். பக்கவாட்டில் தாழ்த்தினால் நிழல் நீண்டு உருவம் எழுந்து வரும். பத்தாம் வகுப்பு மாணவர் என்றால் முக்கோணவியலை இங்கேயே இழுக்கலாம். 5 மி.மீ. உயரமுள்ள ஓரத்தின் நிழல், வெளிச்சம் கல்லின் பரப்போடு 60 பாகையில் விழுந்தால் ஏறக்குறைய 2.9 மி.மீ., 45 பாகையில் 5 மி.மீ., 30 பாகையில் 8.7 மி.மீ. அளவுகோலை வைத்து அளந்து பார்க்கலாம். களிமண்ணின் ஓரம் செங்குத்தாக இல்லாததால் சிறிது வித்தியாசம் வரும். ஏன் வருகிறது என்பதே நல்ல கேள்வி.

எல்லாரும் ரசிக்கும் ஒரு சோதனை உண்டு. சிற்பத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டுங்கள். எழுந்தது குழிந்ததாகவும் குழிந்தது எழுந்ததாகவும் பலருக்குத் தெரியும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் பழகிவிட்டது. அதனால்தான் லக்சர் குழுவினர் வெளிச்சம் இடது மேற்புறத்திலிருந்து வருவதாக வைத்துக்கொண்டு, நிழல் பக்கத்துக் கோட்டைத் தடிப்பாகவும் வெளிச்சப் பக்கத்துக் கோட்டை மெல்லியதாகவும் போடுகிறார்கள். எழுந்த சிற்பத்தில் நிழல் உருவத்துக்கு வெளியே, வலது கீழ்ப்புறம் விழும். குழிந்த சிற்பத்தில் நிழல் உருவத்துக்கு உள்ளே, இடது மேல் ஓரத்தை ஒட்டி விழும். இந்த இரண்டு வரிகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

வெள்ளைத்தாளில் தொடங்க வேண்டாம். வெள்ளைத்தாளில் ஒளிமிக்க இடத்தைக் காட்ட இடமே இருக்காது. மணற்கல்லுக்குப் பழைய அட்டைப்பெட்டியின் பழுப்பு நிறமே பொருந்தும். சுண்ணாம்புக்கல் என்றால் வெள்ளையில் சிறிது மஞ்சள் காவியும் துளி பழுப்பும் கலந்து அட்டை முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். அதன்மேல் கட்டம் போட்டு உருவத்தின் ஓரத்தை மெல்லிய பென்சிலால் குறித்துக்கொள்ளலாம்.

இனிமேல்தான் போராட்டம். மாணவர் கை உடனே கறுப்பு ஸ்கெட்ச் பேனாவைத் தேடும். நாம் சின்ன வகுப்பிலிருந்து 'அவுட்லைன்' போடப் பழக்கியிருக்கிறோம். கல்லில் கோடே கிடையாது. ஓரம் இருக்கிறது, ஓரத்தில் நிழல் இருக்கிறது, நிழல் இல்லாத பக்கத்தில் வெளிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான். பேனாவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, 'கோடு எங்கே இருக்கிறது, காட்டு' என்று சிற்பத்தின் முன் நிறுத்தினால் போதும். கொஞ்ச நேரம் தேடுவார்கள். பிறகு, "இல்ல சார், இந்தப் பக்கம் இருட்டா இருக்கு, அவ்ளோதான்" என்பார்கள்.

நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். பழுப்பும் நீலமும் கலந்தால் உயிருள்ள இருட்டு கிடைக்கும். எகிப்தின் திறந்தவெளியில் நிழலுக்குள்ளும் வானத்தின் நீலமும் தரையில் பட்டுத் திரும்பும் மணலின் வெளிச்சமும் கலந்திருக்கும். சிற்பத்தின் ஓரத்தை ஒட்டி நிழல் கூர்மையாக இருக்கும், விலகப் போக மென்மையாகும். ஓரத்தில் வண்ணத்தை வைத்துவிட்டு, ஈரத் தூரிகையால் வெளிப்பக்கத்தை மட்டும் தடவினால் அது வந்துவிடும். கன்னம், முழங்கால் போன்ற வளைந்த இடங்களில் நிழல் மெல்ல மெல்ல மாற வேண்டும். வெளிச்சப் பக்கத்து ஓரத்தில் வெள்ளையில் துளி மஞ்சள் கலந்து ஒரு மயிரிழை. அந்த மயிரிழை வைத்த நொடியில் அட்டை கல்லாகிவிடும். வகுப்பில் 'ஹே' என்று ஒரு சத்தம் எழும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே இதைச் செய்யலாம்.

கல்லின் சொரசொரப்புக்கு, வண்ணத்தைத் துணியில் துடைத்த வறண்ட தூரிகையை மேலோட்டமாக இழுக்க வேண்டும். பழைய பல்துலக்கியில் வண்ணம் தொட்டு விரலால் தெறிக்கவிட்டால் மணற்கல் கிடைக்கும். சீருடையைக் காப்பாற்ற ஒரு பழைய சட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். சிற்பத்தில் மிஞ்சியிருக்கும் வண்ணத்தைத் தீட்டும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். மேடான இடங்களில் வண்ணம் தேய்ந்திருக்கும், பள்ளங்களில் தங்கியிருக்கும். எங்கும் ஒரே சீராகப் பூசினால் அது புதுப் பொம்மை ஆகிவிடும்.

அடுத்து, உடைந்த இடங்கள். தலைப்பு இதைப் பற்றியதுதான்.

எந்த வகுப்பிலும் பெரும்பாலான மாணவர்கள் உடைந்த மூக்கை ஒட்டவைத்துவிடுவார்கள். பெயர்ந்த கையை முழுமையாக்குவார்கள், வெடிப்பை விட்டுவிடுவார்கள். அழகாக வர வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். பார்க்கிற நாமும் அதைத்தான் பாராட்டுகிறோம். ஓர் ஆண்டு ஒரு மாணவி, களிமண் காயும்போது முகத்தின் குறுக்கே விழுந்த வெடிப்பை அப்படியே தீட்டியிருந்தாள். கண்ணின் பாதி அதில் போயிருந்தது. எந்தப் படம் சிறந்தது என்று வகுப்பில் கேட்டபோது அதற்கு ஒரு கைகூட உயரவில்லை. நான் தெய்ர் எல்-பஹ்ரியின் படங்களை எடுத்துக் காட்டினேன்.

அங்கே அரசி ஹட்செப்சுட்டின் உருவங்கள் பல இடங்களில் உளியால் கொத்தி எடுக்கப்பட்டிருக்கின்றன. அவருக்குப் பின் தனித்து ஆண்ட மூன்றாம் துட்மோஸ் தன் ஆட்சியின் பிற்பகுதியில் செய்வித்த வேலை அது. சில இடங்களில் உருவத்தின் ஓரத்தை ஒட்டியே கொத்தியதால், கொத்திய தழும்பே அரசியின் வடிவில் நிற்கிறது. அதே கோயிலில் ஆமூன் கடவுளின் உருவங்களை அகநாதன் காலத்தவர்கள் கொத்தினார்கள். பின்னால் வந்த அரசர்கள் அவற்றை மறுபடி செதுக்கினார்கள். ஒரே சுவரில் செதுக்கியவர், அழித்தவர், மீட்டவர் என்று மூன்று தலைமுறைகளின் கை இருக்கிறது. இந்தச் சுவரைப் படியெடுக்கும் ஓவியர், 'பாவம், அரசி' என்று இரக்கப்பட்டு உருவத்தை முழுமையாக்கி வரைந்தால், நமக்கு அழகான ஓர் அரசி கிடைப்பார். அவருக்கு நடந்தது என்ன என்ற செய்தி போய்விடும்.

அதன்பிறகு அந்த மாணவியின் படத்தை மறுபடி நிமிர்த்தி வைத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டேன். களிமண் சீக்கிரம் காய்ந்திருக்கிறது என்றான் ஒருவன். வெடிப்பு கண் குழியில் தொடங்கியிருக்கிறது, அங்கேதான் மண் மெல்லியது என்றாள் இன்னொருத்தி. மற்ற படங்களிலிருந்து இவற்றில் எதையும் சொல்ல முடியவில்லை. சான்று என்ற சொல்லுக்கு நான் அதுவரை கொடுத்த எந்த விளக்கமும் அவ்வளவு தெளிவாகப் போய்ச் சேர்ந்ததில்லை.

முழு உருவத்தைக் காட்ட ஆசைப்படும் மாணவருக்கும் வழி உண்டு. லக்சர் குழுவினர், பழைய புகைப்படம் போன்ற உறுதியான ஆதாரம் இருந்தால், அழிந்த பகுதியை விட்டுவிட்ட கோடுகளால் குறிப்பார்கள். நம் மாணவரும் உடைந்த பகுதியைப் புள்ளிக்கோட்டால் போடலாம், அல்லது தனித்தாளில் வரைந்து பக்கத்தில் ஒட்டலாம். கண்டது எது, கருதியது எது என்று பார்ப்பவருக்குத் தெரிந்தால் போதும்.

இப்படி உள்ளபடி எடுத்த பழைய படங்களின் மதிப்பு காலம் போகப் போகக் கூடுகிறது. ஃபிலே தீவுக் கோயிலை 1838இல் டேவிட் ராபர்ட்ஸ் வரைந்தபோது தூண்களின் வண்ணம் பளிச்சென்று இருந்தது. 1902இல் அஸ்வானில் அணை கட்டிய பின் கோயில் ஆண்டுதோறும் பல மாதங்கள் நீரில் மூழ்கியது. வண்ணம் கரைந்துபோனது. 1970களில் கோயிலைக் கல் கல்லாகப் பெயர்த்துப் பக்கத்துத் தீவில் நிறுத்திவிட்டார்கள். வண்ணத்தைப் பெயர்த்துக் கொண்டுவர முடியவில்லை. அது இப்போது ராபர்ட்ஸ் போன்றவர்களின் தாள்களில்தான் இருக்கிறது.

சக ஆசிரியர் ஒருவர், "இது ஓவிய வகுப்பு வேலை, சமூக அறிவியல் பாடவேளையை ஏன் கரைக்கிறீர்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. களிமண்ணுக்கு ஒரு பாடவேளை, வெளிச்சத்துக்கும் வரைவுக்கும் ஒன்று, வண்ணத்துக்கு இரண்டு என நான்கு பாடவேளைகள் ஆகின்றன. நான் ஓவியப் பாடவேளையோடு பகிர்ந்துகொள்கிறேன். எகிப்து, அதன் சமூகம், சமயம், எழுத்து ஆகியவற்றைத் தனியாக நடத்த வேண்டிய நேரம் இதனால் குறைகிறது. சுவரில் இருப்பதே அவைதானே. ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளியில், வண்ணத்தை விட்டுவிட்டு பழுப்பு அட்டையில் கரித்துண்டும் சுண்ணக்கட்டியும் வைத்தே செய்யலாம். நிழலுக்குக் கரி, வெளிச்சத்துக்குச் சுண்ணம். உண்மையில், முதல் முறை செய்பவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதில் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளலாம். நாணயத்தைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்ப்பதைக் குழந்தைகள் நாம் சொல்லாமலே செய்வார்கள். அதே நாணயத்தைப் பக்கத்தில் வைத்து, பார்த்து வரையச் சொல்லுங்கள். தேய்த்ததில் வந்தது எது, பார்த்ததில் வந்தது எது, எதில் எது விட்டுப்போனது என்று பேசவிடுங்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்குப் புடைப்பு என்ற சொல்லைக் கற்பிக்க இது போதும்.

மதிப்பீட்டுக்கு நான் மூன்றை மட்டும் பார்க்கிறேன். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது படத்திலிருந்து தெரிகிறதா? எழுந்ததா குழிந்ததா என்று சொல்ல முடிகிறதா? சிற்பத்தில் உள்ள சேதம் படத்தில் இருக்கிறதா? மூன்றாவதற்கு மதிப்பெண் கூடுதல். அழகுக்குத் தனி மதிப்பெண் இல்லை. இருந்தாலும் அழகு எப்படியோ வந்துவிடுகிறது.

படத்தின் பின்புறம் நான்கு செய்திகளை எழுதச் சொல்கிறேன்: தேதி, வெளிச்சம் வந்த திசை, வரைந்தவர், சரிபார்த்தவர். சரிபார்ப்பவர் வேறு குழுவைச் சேர்ந்த மாணவர். அவர் படத்தை எடுத்துக்கொண்டு சிற்பத்தின் முன் போய் உட்கார்ந்து, விடுபட்டதைப் பென்சிலால் ஓரத்தில் குறிக்க வேண்டும். வரைந்தவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் இருவரும் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். விளக்கு அதே இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். என் வகுப்பில் நடக்கும் சண்டைகளில் பாதி, யாரோ விளக்கை நகர்த்திவிட்டதால் வருபவை.